லிப்பிட் அறிக்கையை வாசிப்பது எப்படி: குமரி மாவட்டத்து வாசகருக்கு ஒரு வழிகாட்டி

மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பதும், அதைக் கருவியில் ஏற்றி அறிக்கை தயாரிப்பதுமாக என் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது. அறிக்கை வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் வாசலிலேயே காகிதத்தைப் பிரித்து, தடித்த எழுத்தில் ஏதேனும் எண் அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இல்லையென்றால் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள். ஹீமோகுளோபினுக்கோ சோடியத்துக்கோ இந்த முறை ஓரளவு பொருந்தும். கொலஸ்ட்ராலுக்குப் பொருந்தாது. அறிக்கையின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவு எல்லாருக்கும் ஒன்றே; ஆனால் இதயத் தமனிகளில் அடைப்பு வராமலிருக்க ஒருவருக்கு இருக்க வேண்டிய அளவோ, அவருக்கு வேறு என்ன நோய் இருக்கிறது, அவருடைய அப்பாவுக்கு எந்த வயதில் மாரடைப்பு வந்தது என்பதையெல்லாம் பொறுத்து மாறுகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 98 என்பது வேறு குறை எதுவும் இல்லாத 25 வயதுப் பெண்ணுக்குக் கவலை தரும் எண் அல்ல. போன வருடம் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அவளுடைய அப்பாவுக்கு அதே 98, இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இருவர் அறிக்கையிலும் அந்த எண் மெல்லிய எழுத்தில்தான் வரும்.

நான் மருத்துவர் அல்ல. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் உட்காரும் இரண்டு நிமிடத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போவதற்கு மட்டுமே இந்த வழிகாட்டி.

அடைப்பு உருவாகும் விதத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதால், ரத்தத்தில் அது புரதம் சுற்றிய நுண்ணிய துகள்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது. எல்.டி.எல்., வி.எல்.டி.எல். முதலிய துகள்கள் ஒவ்வொன்றிலும் அபோ பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். இவை தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன; தங்கியதைச் சுற்றி அழற்சி உண்டாகி, ஆண்டுக்கணக்கில் ஒரு படிவு வளர்கிறது; அந்தப் படிவு ஒரு நாள் வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. எனவே எத்தனை துகள்கள் என்பதோடு எத்தனை ஆண்டுகள் என்பதையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். கல்லீரல் தன் மேல்பரப்பிலுள்ள ஏற்பிகளால் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கிறது என்று கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்பிகள் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் கீழே வருகிறது.

ரத்தம் கொடுக்கப் போகும் முன்

முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு கட்டாயமல்ல. சாப்பிட்டுவிட்டு வந்தால் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பு சராசரியாக 26 மில்லிகிராம் வரை கூடும், எல்.டி.எல். 8 மில்லிகிராம் வரை குறையும், அவ்வளவே வித்தியாசம். இந்திய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சாப்பிட்ட பிறகு எடுக்கும் பரிசோதனையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் டிரைகிளிசரைடு 400-க்கு மேல் வந்தாலோ, மருத்துவர் அதைத்தான் குறிப்பாகப் பார்க்க விரும்பினாலோ, 10 முதல் 12 மணி நேரம் பட்டினி இருந்து மறுபடியும் கொடுக்க வேண்டும். வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம். "கட்டன் சாயாதான் குடிச்சேன், வேற ஒண்ணும் சாப்பிடல்ல" என்பவர்களிடம் சர்க்கரை போட்டதா என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான். சர்க்கரை போட்ட கட்டன் சாயா குடித்தவரை வெறும் வயிறு என்று எழுத முடியாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே எழுந்து, நான்கைந்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடி வருகிறார்கள். அப்படி வர வேண்டாம். இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கையை நீட்டுங்கள். நின்றபடியே வந்து கொடுத்தால் ரத்தம் சற்றுச் செறிந்திருப்பதால் எண்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

மது அருந்துபவர்கள் குறைந்தது இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு வர வேண்டும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும், அறுவை சிகிச்சை முடிந்தவரும் சில வாரம் பொறுக்க வேண்டும். கடும் நோயில் கொலஸ்ட்ரால் தாழ்ந்துவிடும், அந்தத் தாழ்வைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. மாரடைப்பிலும் இதே கதைதான்: முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த எண்ணை நம்பலாம், அதன் பிறகு சில வாரங்களுக்கு எல்.டி.எல். உண்மை அளவைவிடக் குறைவாகவே இருக்கும். கர்ப்ப காலத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே உயரும் என்பதால் அப்போது எடுத்த எண்ணைக் கொண்டு முடிவுக்கு வர வேண்டியதில்லை.

கோவில் கொடைக்கும் பங்குத் திருவிழாவுக்கும் நடக்கும் இலவச முகாம்களில் விரல் நுனியில் குத்தி, மொத்தக் கொலஸ்ட்ரால் ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அப்படி ஒரு முகாமில் "190, நார்மல்" என்று துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிய என் சொந்தக்காரர் ஒருவர், இரண்டு வருடம் அந்தச் சீட்டைத்தான் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது எச்.டி.எல். என்ற நல்லதும் எல்.டி.எல். முதலிய கெட்டதும் சேர்ந்த கூட்டுத்தொகை. அதை மட்டும் வைத்து நல்லதாகவும் சொல்ல முடியாது, கெட்டதாகவும் சொல்ல முடியாது. முகாமில் குத்திக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ரத்தக் கொழுப்புகளைத் தனித்தனியாகக் காட்டும் முழு லிப்பிட் புரொஃபைல் எடுக்கும்வரை அதை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்த வரியை முதலில் பார்ப்பது

திருவட்டாறு பக்கத்திலிருந்து வந்த ஒருவருடைய அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 46 வயது, ரப்பர் பால் வெட்டும் வேலை, நான்கு வருடமாகச் சர்க்கரை நோய். அவருடைய தாளில் இருந்தவை: மொத்தக் கொலஸ்ட்ரால் 212, டிரைகிளிசரைடு 240, எச்.டி.எல். 34, வி.எல்.டி.எல். 48, எல்.டி.எல். 130, எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, எல்.டி.எல். எல்லைக்கோட்டில் நிற்கிறது, "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்றுதான் அவரும் சொன்னார்.

அதே தாளில் நீங்கள் பேனாவால் ஒரே ஒரு கழித்தல் கணக்குப் போட வேண்டும். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழியுங்கள்: 212-ல் 34 போக 178. இதற்கு எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால், அதாவது நான்-எச்.டி.எல். என்று பெயர். தமனிச் சுவருக்குள் நுழையக்கூடிய துகள்கள் அத்தனையும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். சில ஆய்வகங்கள் இதை அச்சிடுகின்றன, பல அச்சிடுவதில்லை. கூடுதல் செலவும் இல்லை, சாப்பிட்டிருந்தாலும் பெரிதாக மாறாது. என்னைக் கேட்டால் தாளின் முதல் வரியில் இதைத்தான் போட வேண்டும்.

இனி எல்.டி.எல். பெரும்பாலான சாதாரண அறிக்கைகளில் எல்.டி.எல். நேரடியாக அளக்கப்படுவதில்லை, ஃப்ரீட்வால்ட் என்பவரும் சகாக்களும் 1972-ல் வெளியிட்ட ஒரு கணக்கால் கிடைக்கிறது. டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் வி.எல்.டி.எல். (240-ஐ 5-ஆல் வகுக்க 48), மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும் வி.எல்.டி.எல்.-ஐயும் கழித்தால் எல்.டி.எல். (212-ல் 34-உம் 48-உம் போக 130). உங்கள் தாளிலும் போட்டுப் பாருங்கள். கணக்கு அப்படியே ஒத்துவந்தால் அது கணக்கிட்ட எண். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. டிரைகிளிசரைடு கூடுதலாகவும் எல்.டி.எல். 70-க்குக் கீழேயும் இருக்கும்போது அது எல்.டி.எல்.-ஐ உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும். ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் நேரடி எல்.டி.எல். பரிசோதனை கேட்கலாம், அது இல்லாத இடத்தில் நான்-எச்.டி.எல். கைகொடுக்கும்.

டிரைகிளிசரைடு மிகையாகும்போது மட்டும் கருவியில் ஏற்றும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். ரத்தக் குழாயைச் சுழற்றும் இயந்திரத்திலிருந்து எடுத்தால், மேலே நிற்கும் சீரம் வழக்கமாக வெளிறிய மஞ்சளாக, எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி இருக்கும். டிரைகிளிசரைடு 800, 1000 என்று இருப்பவருடைய குழாயில் அது இரண்டாம் தேங்காய்ப்பாலைப்போல் வெளுத்துக் கலங்கி நிற்கும். குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. 150-க்குக் கீழே இருப்பது நல்லது. 500-ஐத் தாண்டினால் இதயத்தைவிட முதலில் கணையத்துக்குத்தான் ஆபத்து. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்.டி.எல். துகள் மிகச் சிறியது, அது சீரத்தைக் கலக்காது. எல்.டி.எல். 250 உள்ளவருடைய சீரமும் கண்ணாடிபோல் தெளிவாகவே இருக்கும். உடம்பிலும் அப்படியே: எல்.டி.எல். கூடினால் தலை சுற்றாது, களைப்பு வராது, நெஞ்சு அடைக்காது. அளந்து பார்க்காமல் அதை அறிய வழியில்லை.

எச்.டி.எல்.-ஐ நல்ல கொழுப்பு என்று சொல்லிச் சொல்லி அதன்மேல் நமக்கு ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது. ஆண்களுக்கு 40-க்குக் கீழும் பெண்களுக்கு 50-க்குக் கீழும் இருந்தால் அது அபாயத்தின் ஓர் அடையாளம் என்பது உண்மை. ஆனால் மருந்து கொடுத்து அந்த எண்ணை உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வை, அதை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே எச்.டி.எல். குறைவாக இருந்தால் அதைத் தூக்கிவிட மருந்து தேட வேண்டாம். புகையை விடுவது, நடப்பது, இடுப்புச் சுற்றளவைக் குறைப்பது, மற்ற எண்களைக் கீழே கொண்டுவருவது என்று கவனத்தைத் திருப்புங்கள். எச்.டி.எல். 70 இருக்கிறது, எனவே எல்.டி.எல். 170 இருந்தாலும் பாதகமில்லை என்ற கணக்கும் செல்லாது. விகிதங்கள் என்று தாளின் அடியில் வரும் இரண்டு மூன்று வரிகளைத் தாண்டிப் போய்விடலாம்.

உங்களுக்குரிய எண்

மேலே சொன்ன 2024 வழிகாட்டுதலின்படி, வேறு அபாயம் இல்லாத பொதுவானவர்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும் நான்-எச்.டி.எல். 130-க்குக் கீழும் இருக்க வேண்டும். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றால் அபாயம் கூடியவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 100-க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு, நெஞ்சுவலி நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும், நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் எல்.டி.எல். 55-க்குக் கீழ், நான்-எச்.டி.எல். 85-க்குக் கீழ். இரண்டு எண்களுக்கும் இடையில் எப்போதும் 30 இடைவெளி இருப்பது தற்செயல் அல்ல: டிரைகிளிசரைடு 150 இருந்தால் அதை 5-ஆல் வகுக்க வருவது 30. திருவட்டாறு அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் அவருடைய இலக்கு 70-உம் 100-உம். அவரிடம் இருந்ததோ 130-உம் 178-உம்.

நீங்கள் எந்த வரிசையில் வருகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்க, மருத்துவரிடம் போகும்போது சில விவரங்களைக் கையோடு கொண்டுபோங்கள்: வயது, புகைபிடிக்கும் பழக்கம், ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்பது, குடும்பத்தில் ஆண்களில் 55 வயதுக்கு முன்போ பெண்களில் 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்த அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யார் யார் என்பது. கடைசியாகச் சொன்னதை நம் வீடுகளில் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "வாய்வு கேறி நெஞ்சடைச்சுப் போயிட்டாரு" என்று சொல்லப்படும் பெரியப்பா, 48 வயதில் வியர்த்துக் கொட்டி, இடது கை வலிக்கிறது என்று சொல்லியபடியே விழுந்திருந்தால், அது வாய்வாக இருக்க வாய்ப்பு குறைவு. வீட்டில் மூத்தவர்களிடம் ஒரு முறை உட்கார்ந்து விசாரியுங்கள். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருவது தெரிந்தது. நமக்கு நேரம் குறைவு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எண்கள் நன்றாக இருப்பவருக்கும் மாரடைப்பு வரலாம். நடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் வந்தால் போன மாத அறிக்கையை எடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்காமல், சோடாவும் குடித்துக்கொண்டு இருக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மருந்துகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மலையோரத்தில் இருப்பவர்களுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைவரை வண்டி போய்ச் சேரும் நேரம் சிறிதல்ல.

வளைகுடாவிலிருந்து வரும் அறிக்கை

இந்த மாவட்டத்தில் இதை எழுதாமல் இருக்க முடியாது. துபாயிலும் குவைத்திலும் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் கொண்டுவரும் அறிக்கைகளில் பல, மில்லிமோல் கணக்கில் இருக்கும். கருங்கல் பக்கத்து மாமா ஒருவர் தாளை என்னிடம் நீட்டி, "மக்களே, நாலு புள்ளி ரெண்டுதானே, இதுக்குப் போயி அந்த டாக்டர் மாத்திரை எழுதித் தந்துட்டாரு" என்றார். கொலஸ்ட்ரால் வரிகளை 38.67-ஆல் பெருக்க வேண்டும்: மாமாவின் எல்.டி.எல். 4.2 என்பது நம் கணக்கில் 162. டிரைகிளிசரைடுக்குப் பெருக்கும் எண் வேறு, 88.57, 2.6 என்றிருந்தால் 230. கைபேசியில் அரை நிமிட வேலை. அதைச் செய்யாமல் அங்கத்தைய தாளையும் இங்கத்தைய தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஊருக்கு வந்ததும் கொழுப்பு நாற்பது மடங்கு ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டியிருக்கும், அல்லது அந்த மாமாவைப்போல் பயப்படாமலே இருந்துவிட வேண்டியிருக்கும்.

வாழ்நாளில் ஒரு முறை எடுக்க வேண்டியது

லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு துகள் உண்டு. 1963-ல் நார்வே நாட்டு கோரே பெர்க் கண்டறிந்தது. எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் ஒட்டிய வடிவம் அது. எவ்வளவு இருக்கும் என்பது ஏறக்குறைய முழுவதும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. சாப்பாட்டாலோ நடையாலோ அசையாது. சாதாரண லிப்பிட் புரொஃபைலில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதல். மாற்ற முடியாததை எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். அது கூடியிருப்பவர் மாற்றக்கூடிய எல்.டி.எல்., ரத்த அழுத்தம், புகை ஆகியவற்றில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் இதற்குச் செலவழிப்பது வீண் அல்ல. டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அபோ பி பரிசோதனையும் பயன்படும். ஒரு துகளுக்கு ஒரு அபோ பி என்பதால் அது துகள்களை எண்ணிச் சொல்வதற்குச் சமம்.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டியிருந்தால் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரில் புரதம் போவது ஆகியவை முதலில் இல்லையென்று உறுதி செய்யப்பட வேண்டும். அவை இல்லையென்றால், மேலே சொன்னபடி ஏற்பிகள் பிறவியிலேயே குறைவாக இருக்கும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருப்பது, 45 வயதுக்கு முன்பே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவது போன்ற அடையாளங்கள் சிலரிடம் இருக்கும். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அடுக்களையில் செய்யக்கூடியது

1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். நம் அடுக்களை இன்னும் முழுதாகச் சேரவில்லை. அவியலும் தீயலும் மீன்குழம்பும் தேங்காய் இல்லாமல் இல்லை, விளவங்கோடு பக்கம் வெளிச்செண்ணெய் இல்லாமல் தாளிப்பதில்லை. எனவே தேங்காய் எண்ணெயைப் பற்றிய கேள்விதான் எனக்கு அதிகமாக வருகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்.டி.எல்.-ஐச் சராசரியாக 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று தெரிந்தது, எச்.டி.எல்.-உம் சிறிது கூடுகிறது, ஆனால் அந்தக் கூடுதலுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை மேலே பார்த்தோம். கேரளத்தில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவர்களை இரண்டு ஆண்டு தேங்காய் எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் பிரித்து வைத்துப் பார்த்த, 2016-ல் வெளியான ஆய்வில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அவர்கள் வழக்கமான இதய மருந்துகளோடு இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் வீட்டில் நாங்கள் செய்தது: பொரிப்பதற்கும் தாளிப்பதற்கும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும், அவியலுக்கு இறக்கும்போது ஊற்றும் ஒரு கரண்டி மட்டும் தேங்காய் எண்ணெய். அந்த மணத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. எண்ணெய்ப் பாக்கெட்டில் கொலஸ்ட்ரால் இல்லாதது என்று எழுதியிருப்பதைக் கண்டு வாங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் இருப்பதில்லை.

டிரைகிளிசரைடு கூடுவதற்குத் தேங்காயைவிட மரச்சீனிக்கிழங்கும் சோறும் சர்க்கரையும் மதுவும்தான் பெரும்பாலும் காரணம். மரச்சீனியும் சாளைக்குழம்பும் சாப்பிட்ட அதே வேளையில் மேலும் ஒரு தட்டுச் சோறு வேண்டியதில்லை. சாளை, அயலை, நெத்தோலி ஆகியவற்றில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய. விலை உயர்ந்த நெய்மீனைத் தேடிப் போக வேண்டியதில்லை, ஆனால் குழம்பாக வேண்டும். எண்ணெயில் மூழ்க மூழ்கப் பொரித்தால் பாதிப் பயன் போயிற்று. இறாலிலும் கணவாயிலும் முட்டையிலும் உள்ள கொலஸ்ட்ரால், ரத்தக் கொலஸ்ட்ராலை நாம் பயப்படும் அளவுக்கு ஏற்றுவதில்லை; மாட்டிறைச்சிக் கொழுப்பு, நெய், கடை பரோட்டா, திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பழம்பொரி, ஏத்தங்காய் வற்றல் ஆகியவற்றைக் குறைப்பதுதான் பலன் தரும். சிறுபயறு, காராமணி, கீரை, தவிட்டோடு கூடிய சம்பா அரிசி ஆகியவை எல்.டி.எல்.-ஐக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். எல்லாம் சரியாகச் செய்தாலும் உணவால் மட்டும் எல்.டி.எல். பொதுவாகப் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் இறங்காது. 130-ஐ 70-க்குக் கொண்டுவர அது போதாது.

மாத்திரை பற்றி

ஜப்பானியர் அகிரா எண்டோ 1973-ல் ஒரு பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். இந்த வகை மருந்து கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. கல்லீரல் தன் தேவைக்காக ஏற்பிகளைக் கூட்டி, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80, ரோசுவாஸ்டாட்டின் 20 அல்லது 40 என்ற அளவில் எல்.டி.எல். பாதியாகிறது. மாத்திரையை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது, மேலும் ஆறு சதவீதம்தான் இறங்கும். அதனால்தான் மருத்துவர் ஸ்டாட்டினைக் கூட்டாமல் எஸெடிமைப் என்ற வேறு வகை மருந்தைச் சேர்ப்பதுண்டு. எல்.டி.எல். 39 மில்லிகிராம் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"தொடங்கினால் விட முடியாது" என்பது ஒரு பயம். அடிமையாக்கும் மருந்து அல்ல அது. விட்டால் எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும் என்பதுதான் விஷயம். தசைவலி இரண்டாவது பயம். 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினால் வலி வந்து நிறுத்தியவர்களுக்கு மாறி மாறி ஸ்டாட்டினும் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் வந்தது. மீதி உள்ளது உண்மையான வலிதான். சிறுநீர் கறுத்தாலோ, மாடிப்படி ஏற முடியாதபடி தசை தளர்ந்தாலோ நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றபடி நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மறுபரிசோதனை

மருந்து தொடங்கியோ அளவை மாற்றியோ 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி எடுங்கள். இலக்கை அடைந்த பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி போதும். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். இங்கே ஒன்று, நாகர்கோவிலில் ஒன்று, திருவனந்தபுரத்தில் ஒன்று என்று எடுத்தால், ஐந்து பத்து வித்தியாசம் மருந்தால் வந்ததா முறையால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் எடுத்தாலும் எண் சற்று ஏறி இறங்கும்; 68 இருந்தது 73 ஆனதற்கு யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். பழைய தாள்கள் மங்கிப்போகும், ஆகவே ஒரு நோட்டில் தேதி, நான்-எச்.டி.எல்., எல்.டி.எல்., டிரைகிளிசரைடு, அப்போது சாப்பிட்ட மாத்திரை என்று ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

திருவட்டாறு அண்ணன் எட்டு வாரம் கழித்து வந்தார். மருத்துவர் ரோசுவாஸ்டாட்டின் 20 எழுதியிருந்தார். மதுவையும் இரவுச் சோற்றையும் விட்டதாக அவரே சொன்னார். மொத்தக் கொலஸ்ட்ரால் 129, டிரைகிளிசரைடு 145, எச்.டி.எல். 36, எல்.டி.எல். 64. அந்தத் தாளில் தடித்த எழுத்தில் அச்சானது 36 ஒன்றுதான். அவர் விரலை வைத்து, "இது குறைவாக் கெடக்கே" என்று கேட்டதும் அதைத்தான். 129-ல் 36-ஐக் கழித்து ஓரத்தில் 93 என்று எழுதி, அதையும் 64-ஐயும் வட்டமிட்டு, அவற்றின் கீழே முந்தைய தாளின் 178-ஐயும் 130-ஐயும் எழுதிக் காட்டினேன். வீட்டில் 19 வயதில் மகன் இருக்கிறான் என்றார். அடுத்த முறை வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.